சின்னத் திருகாணி, பெரிய ஏ.சி.

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவர், கீழ்பென்னாத்தூர்)



"லூஸ் கனெக்‌ஷன்" என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். காதலில் லூஸ் கனெக்‌ஷன் என்றால் கவிதை வரும். கரண்டில் லூஸ் கனெக்‌ஷன் என்றால் ஃபயர் சர்வீஸ்தான் வரும்! சிரிப்பதற்காகச் சொன்னேன். ஆனால் சென்ற கோடையில் எங்கள் சித்தி வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சித்தி வீட்டில் நடந்தது

கீழ்பென்னாத்தூர் வெயிலைப் பற்றித் திருவண்ணாமலை, செஞ்சி பக்கம் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும். அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பிறந்த குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிட்டது என்று சித்தப்பா மல்லாட்டை விற்ற காசில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. ஒன்று வாங்கி மாட்டினார்.

ஒரு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் ராத்திரி நேரத்தில் வெளி யூனிட் "ங்ங்" என்று முனகிவிட்டு நின்றுபோகும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஓடும். ஒரு மெக்கானிக் வந்தார். "கேஸ் கம்மி" என்றார், கேஸ் ஏற்றினார், 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாளில் பழையபடி அதே முனகல். "நம்ம வீட்லயே எலக்ட்ரிகல் படிக்கிற பையன் இருக்கான், அவனைக் கூப்பிடுங்க" என்றாள் சித்தி.

நானும் பெருமையாக ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனேன். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு உள் யூனிட்டின் மூடியைக் கழற்றினேன். வெளி யூனிட்டுக்குக் கரண்ட் போகிற டெர்மினல் பிளாக்கில் ஒரு திருகாணி மட்டும் பழுப்பேறி இருந்தது. ஒயரைத் தொட்டேன், ஆடியது. "கண்டுபிடிச்சிட்டேன்!" என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினேன். ஏ.சி. ஜம்மென்று ஓடியது. சித்தி பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

இருபதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா அலறினாள். ரூம் முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய வாடை. தொட்டிலில் குழந்தை. சித்தப்பா ஓடிப்போய் பிரேக்கரைத் தட்டி ஆஃப் செய்தார். காலையில் போய்ப் பார்த்தால், நான் முறுக்கிய அதே இடத்தில் டெர்மினல் பிளாக் உருகி வழிந்திருந்தது. ஒயரின் மேல் உறை கரிக்கட்டை மாதிரி ஆகியிருந்தது.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏண்டா தம்பி, அதான் பிரேக்கர் இருக்கே, அது ஏன் தானா விழலை?"

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் ஒர்க்ஷாப்பில் எங்கள் சாரிடம் போய் நின்றேன். அவர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார்.

பிரேக்கர் ஏன் விழவில்லை?

ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இணைப்பில் பிறக்கும் வெப்பம் எவ்வளவு? முதலாண்டிலேயே படித்த ஜூல் விதிதான்: ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்.

நன்றாக இறுகிய இணைப்பின் மின்தடை ஓரிரு மில்லி ஓம்தான். 0.002 ஓம் என்று வைத்தால் 8 × 8 × 0.002 = 0.128 வாட். கையில் தொட்டால்கூடத் தெரியாது.

அதே இணைப்பு தளர்ந்து, கறுத்து, 0.4 ஓம் ஆகிவிட்டால்? 8 × 8 × 0.4 = 25.6 வாட்.

"25 வாட்டில் ஓடுற சாமான் ஒண்ணு உன் மேஜை மேலயே இருக்கு, என்ன அது?" என்று சார் கேட்டார். சால்டரிங் அயன்! ஈயத்தை உருக்கும் அதே வெப்பம், ஒரு சின்னத் திருகாணிக்குள், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள், ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறது. நமது சாதாரண பி.வி.சி. ஒயரின் உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று கணக்கு. பிறகு உருகாமல் என்ன செய்யும்?

இப்போது பிரேக்கரின் பக்கத்திலிருந்து யோசியுங்கள். அதன் வழியாக ஓடுவது அதே 8 ஆம்பியர். சொல்லப்போனால் மின்தடை கூடியதால் துளி குறைந்துகூட இருக்கலாம். ஏ.சி.க்குப் போட்டிருப்பதோ 20 ஆம்பியர் எம்.சி.பி. அது எதற்கு விழ வேண்டும்? எர்த் லீக்கேஜைப் பார்க்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது. பேஸில் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறது. கசிவு எதுவும் இல்லை. உறை உருகி, இரண்டு ஒயரும் ஒட்டி ஷார்ட் ஆனால்தான் பிரேக்கர் விழும். அதற்குள் தீ பிடித்திருக்கலாம். லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிக்கிற வேலையைச் சாதாரண பிரேக்கரிடம் ஒப்படைக்க முடியாது. அது மனிதன் செய்ய வேண்டிய வேலை.

முனகலுக்கும் காரணம் தெரிந்தது. ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கும் சாதாரண கம்ப்ரசர் கிளம்பும்போது ஐந்து மடங்கு, அதாவது 40 ஆம்பியர் கேட்கும். அப்போது 40 × 0.4 = 16 வோல்ட் அந்த ஒரு திருகாணியிலேயே போய்விடும். ராத்திரியில் எங்கள் பக்கம் வோல்டேஜ் ஏற்கெனவே குறைவு. இன்னும் 16 வோல்ட் குறைந்தால் கம்ப்ரசர் சுற்ற முடியாமல் முனகும். ஓவர்லோடு சூடாகி ஆஃப் செய்துவிடும். ஆறியதும் மறுபடி விடும். இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. 2,500 ரூபாய் வீண். (இன்வெர்ட்டர் ஏ.சி. மெதுவாகக் கிளம்புவதால் இந்த முனகல் இருக்காது. ஆனால் இணைப்பு சூடாவதில் அதற்கும் விதிவிலக்கு கிடையாது.)

நான் முறுக்கியது ஏன் பலிக்கவில்லை? ஒருமுறை வெந்துபோன தாமிர இழைகளின் மேல் ஆக்சைடு படிந்திருக்கும். திருகாணியும் தகடும் சூட்டில் பதமிழந்திருக்கும். முறுக்கியதும் இரண்டு மூன்று புள்ளிகளில் உலோகம் தொட்டுக்கொண்டது. அதனால் ஏ.சி. ஓடியது. ஆனால் கரண்ட் முழுவதும் அந்தப் புள்ளிகள் வழியாகவே போனதால் மறுபடி சூடு, மறுபடி ஆக்சைடு, மறுபடி தளர்ச்சி. புண்ணை ஆற்றாமல் மேலே கட்டு மட்டும் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இணைப்பு எப்படித் தளர்கிறது?

1. சூடும் குளிர்ச்சியும்: ஏ.சி. ஓடும்போது இணைப்பு சூடாகி விரியும், நின்றதும் சுருங்கும். ஒரு நாளைக்குப் பலமுறை இப்படி நடக்கிறது.

2. அதிர்வு: வெளி யூனிட்டில் கம்ப்ரசரும் விசிறியும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கின்றன. ஸ்பிரிங் வாஷர் இல்லாத திருகாணி தானாகக் கழலும்.

3. மாட்டும்போதே செய்த அவசரம்: சித்தி வீட்டில் லக் போடாமல் இழைகளை முறுக்கி அப்படியே செருகியிருந்தார்கள். போதாததற்கு ஒயரின் உறையும் தகட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. திருகாணி கடித்தது பிளாஸ்டிக்கை, தாமிரத்தை அல்ல. அதைப் பார்க்காமல் மேலே முறுக்கியவன் நான்!

4. தாமிரமும் அலுமினியமும்: 1 மீட்டர் தாமிரம் 1 டிகிரி சூட்டுக்கு 17 மைக்ரோமீட்டர் நீளும், அலுமினியம் 23. இரண்டையும் நேரடியாகச் சேர்த்து முறுக்கினால் ஒன்று ஓட, மற்றது பின்தங்கும். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும் குணமும் கொண்டது. ஈரம் பட்டால் அரிப்பும் சேரும்.

5. பூச்சிகள்: பல்லியும் எறும்பும் காண்டாக்டருக்குள் புகுந்து பாயிண்ட்டுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வது நம் ஊரில் சகஜம். பாயிண்ட் சரியாகச் சேராமல் தீப்பொறி விடும்.

அமெரிக்கா கற்ற பாடம்

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் தாமிரத்தின் விலை ஏறியதால் வீடுகளுக்குள் அலுமினிய ஒயர் போட ஆரம்பித்தார்கள். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. இணைப்புகள்தான் காலை வாரின. 1974 ஏப்ரலில் நியூயார்க் மாநிலம் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில் ஒரு வீடு எரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். ஒரு பிளக் பாயிண்ட்டில் இருந்த அலுமினிய இணைப்புதான் காரணம் என்று தீயணைப்பு அதிகாரிகள் கண்டார்கள். பிறகு அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஓர் ஆய்வு நடந்தது. 1972-க்கு முன் அலுமினிய ஒயர் போட்ட வீடுகளில், இணைப்புகள் தீ அபாய நிலைக்குப் போகும் வாய்ப்பு தாமிர ஒயர் போட்ட வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அது சொன்னது. கரண்டைச் சுமந்த ஒயர் தப்பித்தது, மாட்டிக்கொண்டது முனைதான்.

நம் நாட்டிலும், 2021 ஏப்ரல் 23 அன்று மகாராஷ்டிர மாநிலம் விராரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்துப் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். தீ ஏ.சி. யூனிட்டிலிருந்து கிளம்பியது என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். நோயாளியைக் குளிர வைக்கப் போட்ட இயந்திரம் அது. நாம் பார்க்கிற வேலை எவ்வளவு பொறுப்பானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எங்கெங்கே பார்க்க வேண்டும்?

சார் சொன்னபடி ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யில் கரண்ட் போகும் பாதையை விரல் விட்டு எண்ணினேன். எம்.சி.பி.யின் மேல் திருகாணி, கீழ்த் திருகாணி, சாக்கெட்டின் பின்பக்கம், சாக்கெட்டும் பிளக் பின்னும் தொடும் இடம், பிளக் டாப்பின் உள்ளே, ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் உள்ளும் வெளியும், உள் யூனிட் டெர்மினல் பிளாக், வெளி யூனிட் டெர்மினல் பிளாக், காண்டாக்டர், கபாசிட்டர், ஓவர்லோடு, கடைசியில் கம்ப்ரசரின் சி, எஸ், ஆர் முனைகள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தால் இருபதைத் தாண்டுகிறது. இருபதில் பத்தொன்பது நன்றாக இருந்தும் பயனில்லை. ஒன்று போதும் வீட்டைக் கொளுத்த.

மீட்டருக்கு முன்னால் இருக்கிற இணைப்பு மின்வாரியத்துடையது. அங்கே கை வைக்காதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

வேலை செய்யும் முறை

எங்கள் சார் முன்னிலையில் சித்தி வீட்டு ஏ.சி.யை நான் மறுபடி சரி செய்தேன். அந்த வரிசையை அப்படியே தருகிறேன்.

1. ரிமோட்டில் ஆஃப் செய்தால் போதாது. எம்.சி.பி.யை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்குங்கள். எம்.சி.பி.யின் மேல் "வேலை நடக்கிறது" என்று சீட்டு ஒட்டுங்கள். வீட்டில் யாராவது "கரண்ட் போச்சா?" என்று ஆன் செய்துவிடுவார்கள்.

2. டெஸ்டரை நம்பாதீர்கள், மல்டிமீட்டரால் பாருங்கள். முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடம். பிறகு மறுபடி கரண்ட் உள்ள இடம். நடுவில் மீட்டர் செத்துப்போயிருந்தால் தெரிந்துவிடும்.

3. கபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை உறை போட்ட முனைகளோடு வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்து "டப்" என்று வெடிக்க விடும் பழக்கம் வேண்டாம். இன்வெர்ட்டர் ஏ.சி.யின் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. நிற்கும். லேபிளில் போட்ட நேரம் வரை காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே தொடுங்கள்.

4. கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே என்ற குழப்பம் வராது.

5. கண்ணால் பாருங்கள்: பழுப்பு, கருப்பு, பச்சைக் களிம்பு, நீலம் பாய்ந்த லக், முறுகிப்போன உறை. பிறகு ஒவ்வொரு ஒயரையும் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

6. சூட்டின் அடையாளம் எதுவுமில்லாமல் சற்றுத் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும். பலத்தைக் காட்ட வேண்டாம். அதிகம் முறுக்கினால் மரை போய்விடும், இழைகள் அறுந்துவிடும். டெர்மினலிலோ கையேட்டிலோ முறுக்கு அளவு போட்டிருந்தால் அதன்படி டார்க் டிரைவரில் முறுக்குங்கள்.

7. கருகியிருந்தால் முறுக்காதீர்கள். பளபளப்பான தாமிரம் தெரியும் வரை ஒயரை வெட்டி, புது லக் போட்டு, டெர்மினல் பிளாக்கையும் புதிதாக மாற்றுங்கள். சித்தி வீட்டில் கடைசியில் இதைத்தான் செய்தோம். கேஸுக்குக் கொடுத்த 2,500 ரூபாயில் ஒரு சின்னப் பங்குதான் செலவு.

8. ஒயரின் கனத்துக்கு ஏற்ற லக் போடுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 4-க்கான லக் போட்டால் உள்ளே ஆடும். சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்பிங் ஆகாது. அழுத்திய பின் இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் இப்போதே வந்தது நல்லது.

9. கபாசிட்டரிலும் கம்ப்ரசரிலும் செருகுகிற கிளிப்புகள் கையால் அழுத்தினால்தான் உள்ளே போக வேண்டும். சுலபமாகப் போய் வந்தால் அதன் ஸ்பிரிங் செத்துவிட்டது. பிளேயரால் நசுக்கி மாட்டுவது நாலு நாள் வைத்தியம். புதிது போடுங்கள்.

10. எர்த் ஒயரையும் அதே அக்கறையோடு பாருங்கள். அது தளர்ந்தாலும் ஏ.சி. ஓடும். அதனால்தான் அதை யாரும் கவனிப்பதில்லை.

11. எல்லா மூடியும் போட்ட பிறகு கரண்ட் கொடுங்கள். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் இருந்தால் பிளக், எம்.சி.பி. எல்லாம் எவ்வளவு சூடு என்று பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் அது தப்பாகக் காட்டும். அதனால் கரண்ட் இல்லாதபோதே ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவைத்து அதன் மேல் பாருங்கள். பக்கத்து இணைப்பைவிட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால், கோளாறு அங்கேதான்.

செய்யவே கூடாதவை

இழைகளின் மேல் ஈயம் பூசித் திருகாணிக்கு அடியில் வைக்காதீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும், இணைப்பு தளரும். நம்மில் பலர் ஒர்க்ஷாப்பில் இதைத் திறமை என்று நினைத்துச் செய்கிறோம்.

காண்டாக்டர் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலே இருப்பது வெள்ளிக் கலவை. தேய்ந்தால் காண்டாக்டரை மாற்றுங்கள்.

ஒரு ஒயருக்கான துளையில் இரண்டு ஒயரைத் திணிக்காதீர்கள். அலுமினியத்தையும் தாமிரத்தையும் நேராக முறுக்காதீர்கள். அதற்கென்று பை-மெட்டல் லக் கிடைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்ரசரின் டெர்மினல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்ட் கொடுக்காதீர்கள். அந்த மூன்று முனைகளும் கண்ணாடி அடைப்பில் நிற்கின்றன. சூட்டில் அடைப்பு பெயர்ந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கேஸும் ஆயிலும் பீய்ச்சி அடிக்கும், தீயும் பிடிக்கலாம். இப்போது வரும் ஆர்-32 மிதமாக எரியக்கூடிய கேஸ். ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். பழைய ஆர்-22 காலத்துத் தைரியம் இங்கே செல்லாது.

வீட்டுக்காரர்களுக்கு

எலக்ட்ரிகல் தெரியாதவர்களும் இவற்றைக் கவனிக்கலாம். பிளக்கில் கை வைத்தால் சுடுகிறதா? ஏ.சி. கிளம்பும்போது லைட் மங்குகிறதா? பிளாஸ்டிக் கருகும் வாடையோ, பிளக் பக்கம் "கிர்ர்" என்ற சத்தமோ வருகிறதா? உடனே எம்.சி.பி.யை ஆஃப் செய்யுங்கள். தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆளை வெளியேற்றி 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். கோடைக்கு முன் ஒருமுறை சர்வீஸுக்கு ஆள் வரும்போது ஃபில்டரைக் கழுவினால் மட்டும் போதாது. "டெர்மினலைத் திறந்து காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள். தப்பே இல்லை.

நிறைவாக...

1902-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக் காகிதம் ஈரத்தில் நெளிகிறது என்று வில்லிஸ் கேரியர் வடிவமைத்துக் கொடுத்த இயந்திரம் இன்று கீழ்பென்னாத்தூரில் தொட்டில் கட்டிய அறைக்கும் வந்துவிட்டது. கம்ப்ரசரும் போர்டும் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் கரண்ட் இன்றும் ஒரு திருகாணி வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை இறுக்குவது டிப்ளமோ முடித்து நாளைக்கு வேலைக்குப் போகப்போகும் நாம்தான். ஆர்வக்கோளாறில் என்னைப்போல் இறங்காமல், முறையாகக் கற்று, மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு இறங்குவோம்.

சித்தி வீட்டு ஏ.சி. இப்போது நன்றாக ஓடுகிறது. சென்ற மாதம் போனபோது நானாகவே மூடியைக் கழற்றிப் பார்த்தேன். திருகாணி வெள்ளி மாதிரி பளிச்சென்று இருந்தது. சித்தப்பாவின் கேள்விக்கு அன்றைக்குத்தான் உட்கார வைத்து, பேப்பரில் கணக்குப் போட்டுப் பதில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப இனிமே நீதான் வருஷா வருஷம் வந்து பாக்கணும்" என்றார்.

பார்க்கிறேன் சித்தப்பா.